வீடு யாருடையது, விடிகாலை யாருடையது: நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிள்ளைகள் வளர்ந்த சூழல்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர் இந்தியர். மலேசியா முழுமைக்கும் கணக்கிட்டால் நூற்றுக்கு ஏழு பேர்கூடத் தேறாது. இந்த இரு மடங்குக்குக் காரணம் ரப்பர். சிரம்பான், லாபு, ரந்தாவ், லிங்கி, போர்ட்டிக்சன், பகாவ், கெமெஞ்சே என்று பரவிய தோட்டங்களுக்கு வட ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். தனியாளாக வந்தவர்களைத் தொடர்ந்து குடும்பங்கள் வந்தன. பிள்ளைகள் இங்கேயே பிறந்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஏன் பள்ளியில் பின்தங்கினார்கள் என்று நாடு விடுதலை பெற்ற காலத்திலிருந்தே கேட்டு வருகிறோம். கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: வீட்டுச் சூழல் சரியில்லை. அப்பா குடிக்கிறார், அம்மாவுக்குப் படிப்பில்லை, வீட்டில் ஒரு புத்தகம் கிடையாது, பிள்ளையின் படிப்பில் அக்கறையில்லை. இந்த விடையில் உண்மையும் உண்டு, பெரிய அநீதியும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் தோட்டத்துப் பிள்ளையைப் பற்றி எதுவும் உருப்படியாகச் சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

இதே பேச்சு அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வழிவந்த பிள்ளைகளைப் பற்றியும் நெடுநாள் நடந்தது. மெக்சிகோவிலிருந்து வந்து கலிபோர்னியாவின் வயல்களில் உழைத்தவர்களின் பிள்ளைகள் பள்ளியில் தடுமாறியபோது, அவர்களுடைய மொழியும் வழக்கமும்தான் தடை என்று பலர் எழுதினார்கள். பிறகு அளந்து பார்க்கத் தொடங்கினார்கள். ஆர்கன்சா மாநிலத்தில் பெட்டி கால்டுவெல்லும் ராபர்ட் பிராட்லியும் வளர்த்தெடுத்த ‘ஹோம்’ என்னும் அளவுகோல் இன்று பல நாடுகளில் புழங்குகிறது. பயிற்சி பெற்ற ஒருவர், குழந்தை விழித்திருக்கும் நேரத்தில், தாயும் உடனிருக்க, ஏறக்குறைய ஒரு மணி நேரம் வீட்டில் உட்கார்ந்து கவனிப்பார். தாய் குழந்தையோடு பேசுகிறாரா, குழந்தை கேட்டதற்குப் பதில் சொல்கிறாரா, புத்தகமும் விளையாட்டுப் பொருளும் இருக்கின்றனவா, இடம் பாதுகாப்பானதா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வார். பிராட்லி குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு வெள்ளையர், கறுப்பர், ஹிஸ்பானியர், ஆசிய வழியினர் ஆகியோரின் வீடுகளை ஒப்பிட்டது. இனத்துக்கு இனம் வேறுபாடு இருக்கத்தான் செய்தது. ஆனால் ஏழை வீட்டுக்கும் ஏழையல்லாத வீட்டுக்கும் இருந்த வேறுபாடு அதைவிடப் பெரிதாக இருந்தது. பண்பாட்டின் குறை என்று எழுதப்பட்டதில் கணிசமான பங்கு வறுமையின் கணக்கில் வரவேண்டியது.

இதைத் தோட்டத்துக்குக் கொண்டுவரும்போது, வறுமை என்ற சொல்லும் போதவில்லை என்று தெரிகிறது. கூலி குறைவாக இருந்தது மட்டும் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டை லயத்து வீடாக்கவில்லை. அந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தம். அந்த வீட்டில் இருந்தவர்களின் விடிகாலையும் தோட்டத்துக்குச் சொந்தம்.

விடிகாலையிலிருந்தே தொடங்கலாம். ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்களில் அழுத்தம் மிகுதியாக இருப்பது சூரியன் எழுவதற்கு முன். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக்கும், அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுபோகும். ஆகவே இருட்டோடு பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, வெளிச்சம் வருவதற்குள் மர நிரையில் நிற்க வேண்டும். பால் வெட்டில் ஆணும் பெண்ணும் சம அளவில் இருந்தார்கள். அம்மா நான்கு மணிக்கு எழுந்து சோறு வடித்து, ஐந்தரைக்குள் வீட்டை விட்டுப் போய்விடுவார். கைக்குழந்தை தூக்கக் கலக்கத்தோடு ஆயா கொட்டகைக்குப் போகும். ஏழெட்டு வயதுப் பிள்ளை தானே எழுந்து, தம்பிக்குப் பசியாறக் கொடுத்து, சட்டை மாட்டி, தானும் பள்ளிக்குக் கிளம்பும். காலையில் வெட்டி, பிறகு பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டு, அம்மா வீடு திரும்ப மதியம் ஒன்று, இரண்டு ஆகும். பிள்ளையோடு பேச, படித்ததைக் கேட்க, கதை சொல்ல உகந்த பொழுது என்று குழந்தை வளர்ப்பு நூல்கள் சொல்லும் அந்தக் காலைப் பொழுதில், தோட்டத்துத் தாய் வீட்டிலேயே இல்லை. பத்து மணிக்கு ஒரு ஆய்வாளர் ஹோம் அளவுகோலோடு லயத்துக்கு வந்திருந்தால் அவருக்குக் கிடைத்திருப்பது பூட்டிய வீடு, இல்லையென்றால் காய்ச்சலில் படுத்திருக்கும் ஒரு பிள்ளை.

அக்கறையின்மை என்று பள்ளி ஆசிரியர்கள் பலர் குறை சொன்னது உண்மையில் இந்த நேரக் கணக்கைத்தான். பெற்றோர் கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை என்பார்கள். கூட்டம் வைப்பது பள்ளி நேரத்தில். பள்ளி நேரத்தில் பெற்றோர் தீம்பார் எனப்படும் ரப்பர் காட்டில் இருப்பார்கள். ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. நாட்கூலிக்காரருக்கு மழைநாளே சம்பளமில்லாத நாள். மரம் நனைந்தால் வெட்ட முடியாது. தொழிற்சங்கம் மாதச் சம்பளம் கேட்டுப் பல பத்தாண்டுகள் போராடியதும் இதற்காகத்தான். தீபகற்பத்தில் 900 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது 2013இல். நாடு விடுதலை பெற்று 56 ஆண்டுகள் கழித்து.

அடுத்து, வீடு. வரிசையாக ஒட்டிய அறைகள், முன்னால் ஒரு திண்ணை, பின்னால் சமையலுக்கு ஒரு சாய்ப்பு. பழைய லயங்களில் தடுப்புச் சுவர் கூரை வரை எட்டாததும் உண்டு. ஒரு வீட்டில் இருமினால் நான்காவது வீட்டுக்குக் கேட்கும். மேசை நாற்காலி போட இடமில்லை. தோட்டத்து ஜெனரேட்டர் மின்சாரம் பல இடங்களில் மாலையில் சில மணி நேரம்தான். படிக்கும் பிள்ளை தரையில் குப்புறப் படுத்துப் படிக்கும். விளக்கு அணைந்தால் படிப்பும் முடிந்தது. இதையெல்லாம் பார்த்து அனுதாபப்பட்டவர்கள் இன்னொன்றைக் கவனிக்கத் தவறினார்கள். அந்தப் பிள்ளையின் வீடு அந்த ஓர் அறை அல்ல. பக்கத்து வீட்டு அத்தை, எதிர் லயத்துத் தாத்தா, திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் பாட்டி, உறவே இல்லாத மாமா, எல்லோருக்கும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு அதட்டவும் சோறு போடவும் உரிமை இருந்தது. அம்மா நிரையில் நிற்கும்போது பிள்ளை விழுந்து முட்டி பெயர்ந்தால் ஓடி வருபவர் யாரென்று கேட்க வேண்டிய தேவையில்லை. மாலையில் மாரியம்மன் கோயில் வாசல், பந்து விளையாடும் திடல், உறுமி அடிக்கப் பழகும் இளைஞர் கூட்டம், இவையெல்லாம் சேர்ந்ததுதான் வீட்டுச் சூழல். நான்கு சுவருக்குள் மட்டும் எண்ணிப் பார்க்கும் அளவுகோல் இதை ஒரு புள்ளிகூடத் தராமல் கடந்துபோகும்.

தோட்டத்து வாழ்வைப் பொன்னாக்கிக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதே லயத்தில்தான் கள்ளுக்கடையும் இருந்தது. கூலி கொடுத்த கையாலேயே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடாக, தோட்ட எல்லைக்குள்ளேயே நிர்வாகத்தின் ஒப்புதலோடு அது நடந்தது. கள்ளுக்குப் பின் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. அது இன்னும் கொடியது. மூத்த பெண் பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை நிறுத்தியதும் அதே லயத்தில்தான். சுற்றியிருந்த பெரியவர்கள் ஒரு பிள்ளையைப் பத்திரமாக வளர்க்க முடிந்தது. அந்தப் பிள்ளையைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி அவர்களிடம் இல்லை.

அந்த வழியைத் தருவது பள்ளியின் வேலை. ஆனால் பள்ளியே தோட்டத்தின் ஓர் உறுப்பாக இருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பல தோட்டங்கள் ஒரு கொட்டகையைக் காட்டிக் கணக்கை முடித்தன. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, தோட்டத்து எழுத்தரான கிராணியோ பாடம் சொன்ன காலமும் இருந்தது. ஒரே ஆசிரியர், ஒரே அறை, பல வகுப்புகள். ஆரம்பப் பள்ளி முடிந்தால் அதற்கு மேல் தமிழில் படிப்பில்லை. ஆங்கிலப் பள்ளிக்குப் போக மொழியும் இல்லை, பஸ் காசும் இல்லை. தோட்டப் பள்ளி அடுத்த தலைமுறைத் தோட்டத் தொழிலாளரை உருவாக்கும் கருவியாகவே இயங்கியது என்று மலாயாப் பல்கலைக்கழகக் கல்வியியல் பேராசிரியர் தி. மாரிமுத்து எழுதினார். பெற்றோரின் அக்கறையின்மையைப் பேசுபவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்புக்கு மேல் வாசல் மூடியிருக்கும் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தாய், பதினான்கு வயதில் அவனை நிரைக்குக் கூட்டிப்போனால் அது அறியாமை அல்ல. தன் கண்முன் இருந்த உலகைச் சரியாகவே படித்திருக்கிறாள்.

பண்பாடுதான் காரணம் என்ற வாதத்தை உடைக்கத் தோட்டத்துக்கு வெளியே போக வேண்டியதில்லை. அதே தோட்டத்தில் கிராணி வீடு இருந்தது. கிராணி பெரும்பாலும் மலையாளி, இல்லையென்றால் யாழ்ப்பாணத்துத் தமிழர். தமிழ்க் கிராணியின் வீட்டில் அதே மொழி, அதே முருகன், அதே பொங்கல். ஆனால் மேசை இருந்தது, ஆங்கில நாளிதழ் வந்தது, அம்மா வீட்டில் இருந்தார். பிள்ளை சிரம்பானில் 1899இலேயே தொடங்கிய செயின்ட் பால்ஸ் பள்ளிக்கோ, 1923இல் வந்த கிங் ஜார்ஜ் பள்ளிக்கோ போய்ப் படித்தான். சிரம்பானில் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தார் வீடுகளிலிருந்து மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் வந்தார்கள். கிராணி வீட்டுக்கும் லயத்துக்கும் இடையில் நடந்துபோகும் தூரம்தான். மொழியையும் மதத்தையும் வைத்து மட்டும் வீட்டுச் சூழலை விளக்க முயல்பவர் இந்தத் தூரத்தை எப்படி விளக்குவார்?

இனிப் பண்பாட்டேற்பு. ஒரு சமூகம் வேற்றுச் சமூகத்தோடு நெடுநாள் உறவாடும்போது இரண்டிலும் நிகழும் மாற்றத்தைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். கனடாவின் உளவியலாளர் ஜான் பெர்ரி இதில் நான்கு போக்குகளைக் கண்டார்: தன்னுடையதையும் வைத்துக்கொண்டு பிறருடையதையும் ஏற்பது, தன்னுடையதை விட்டுக் கரைந்துபோவது, தன்னுடையதோடு ஒதுங்கி நிற்பது, இரண்டுமின்றி ஓரத்தில் தள்ளப்படுவது. தோட்டத் தமிழர் மூன்றாம் வகை, ஒதுங்கி நின்றவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஒதுங்கினார்களா, ஒதுக்கப்பட்டார்களா என்பதுதான் கேள்வி. காலனிய ஆட்சியில் இனங்கள் சந்தையில் மட்டும் சந்தித்து, வாழ்வில் கலக்காமல் இருந்த அமைப்பை ஃபர்னிவால் என்ற அறிஞர் பர்மாவையும் ஜாவாவையும் வைத்து விளக்கினார். மலாயாவின் தோட்டத்தில் தமிழன் சந்தைக்குப் போகும் தேவைகூடக் குறைவாக இருந்தது. கடை உள்ளே, பள்ளி உள்ளே, மருந்தகம் உள்ளே, கோயில் உள்ளே, இடுகாடும் உள்ளே.

அந்த வேலிக்குள்ளும் ஒரு பெரிய பண்பாட்டேற்பு நடந்தது. அதை நம் ஆய்வுகள் போதிய அளவு பேசவில்லை. சேலத்துக்காரரும் தஞ்சாவூர்க்காரரும், ஊரில் ஒரே தெருவில் நடக்க அனுமதிக்கப்படாத சாதிக்காரர்களும் ஒரே பெரட்டில் நின்றார்கள், ஒரே நிரையில் வெட்டினார்கள். சாதி உடனே போய்விடவில்லை. லயங்கள் பிரிந்தே கிடந்தன, திருமணத்தில் அது இன்றும் தலைகாட்டுகிறது. இருந்தாலும் பிள்ளைகள் ஒரே கொட்டகையில் ஒரே ஆயாவின் கையில் வளர்ந்தார்கள். பெரியார் 1929இலும் 1954இலும் மலாயாவுக்கு வந்தார். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ தோட்டங்களுக்குள் சீர்திருத்தப் பேச்சைக் கொண்டுபோனது. 1950களில் அதன் மாணவர் மணிமன்றம் தோட்டத்துப் பிள்ளைகளின் பெயரை அச்சில் போட்டது. பெயர் அச்சில் வந்த பிள்ளையின் வீட்டில் அந்தத் தாளை மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். ஒரே ஒரு நாளிதழ் வரும், ஒருவர் படிப்பார், எழுத்துத் தெரியாத இருபது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். புத்தகமில்லாத வீடு என்று குறிக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு எழுத்தின் மதிப்பு இப்படித் தெரிந்தது.

இதற்கிடையே யுத்தம் தோட்ட வாழ்வைக் கலைத்துப் போட்டது. 1942க்கும் 1945க்கும் இடையில் பல்லாயிரம் தோட்டத் தமிழர்களை ஜப்பானியர்கள் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள், பெருந்தொகையினர் திரும்பவில்லை. அப்பா இல்லாத வீடுகள் ஒரு தலைமுறை முழுவதும் நின்றன. போருக்குப் பிறகு பி. பி. நாராயணன் நெகிரி செம்பிலானில் தொடங்கிய தொழிற்சங்கப் பணி 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக விரிந்தது. கூலிப் பேச்சுவார்த்தை, மகப்பேற்று விடுப்பு, வீட்டு வசதி என்று அந்தச் சங்கம் கேட்டு வாங்கிய ஒவ்வொன்றும் பிள்ளையின் வீட்டுக்குள் நேரடியாகப் போய்ச் சேர்ந்தது. வீட்டுச் சூழல் பற்றிய நூல்களில் தொழிற்சங்கத்துக்கு ஓர் அத்தியாயமும் இருப்பதில்லை. இருக்க வேண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம் யார் இருந்தார்கள்? நெகிரி செம்பிலானின் தனித்தன்மை இங்கேதான் வருகிறது. இங்குள்ள மலாய்க் கம்போங்குகளில் சுமத்ராவின் மினாங்கபாவிலிருந்து வந்த ‘அடாட் பெர்பாத்தே’ வழக்கம் வாழ்கிறது. பூர்வீக நிலமும் வீடும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ரெம்பாவிலும் கோலாப் பிலாவிலும் காலனிய அரசே இந்த வழக்காற்று நிலத்துக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. ஆக, ஒரே மாநிலத்தில், ஒரே ஆட்சியின் கீழ், ஒரு பெண் தன் பாட்டியின் வீட்டில் தன் பெயரில் வாழ்ந்தாள். சில மைல் தள்ளி இன்னொரு பெண் வேலை இருக்கும் வரை மட்டும் இருக்கக்கூடிய வீட்டில் வாழ்ந்தாள். முதலாமவளின் பிள்ளைக்குப் பழ மரம் நட ஒரு காரணம் இருந்தது.

1956இல் பெல்டா வந்தபின் இந்த ஒப்பீடு இன்னும் கூர்மையாகிறது. ஜெம்போல் மாவட்டத்தில் காட்டைத் திருத்திப் பாலோங், செர்டிங், லூய் என்று குடியேற்றங்கள் எழுந்தன. நிலமற்ற குடும்பங்களுக்கு, பெரும்பாலும் மலாய்க் குடும்பங்களுக்கு, ஏறத்தாழ பத்து ஏக்கர் ரப்பரோ செம்பனையோ, வீட்டு மனையோடு. அவர்களும் விடிகாலையில் பால் வெட்டினார்கள். அதே மரம், அதே மழை, அதே கத்தி. பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் அதே வேலையைச் செய்த தமிழர்கள் நாட்கூலிகளாகவே இருந்தார்கள். குடியேறிகளுக்கு நிலமெல்லாம் எளிதில் கிடைத்துவிடவில்லை, கடனும் சிரமமும் இருந்தன. ஆனால் மகனுக்கு எதை விட்டுப் போவது என்ற கேள்விக்கு அவர்களிடம் ஒரு விடை இருந்தது. ஒரே தொழில் செய்யும் இரு வீடுகளை ஒப்பிட விரும்பும் ஆய்வாளருக்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது.

1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின் தோட்டத்துப் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, புகுமுக வகுப்பில் ஓராண்டு மலாய் பழகி, இடைநிலைப் பள்ளிக்குப் போனான். பதின்மூன்று வயதில் முதன்முறையாகப் பக்கத்து இருக்கையில் ஒரு மலாய்ப் பிள்ளை. அதுவரை அவன் கேட்டிருந்தது பாசார் மலாய் என்னும் சந்தை மலாய். கம்போங்கில் பேசுவது சொல்லின் ஈற்று அகரத்தை ஒகரமாக்கும் நெகிரி வழக்கு. பாடநூலில் இருந்தது மூன்றாவது ஒன்று. மொழியைவிடக் கடினமாக இருந்தது வேறு பழக்கம். வீட்டில் பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதிருப்பது மரியாதை. வகுப்பறையில் அது மந்தம் என்று எழுதப்பட்டது. லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களிலும் பெரியோரை மதித்து அடங்கியிருத்தல் முதல் பாடமாகச் சொல்லித் தரப்படுகிறது. அவர்களுடைய பிள்ளைகளும் அதே தவறான முத்திரையைச் சுமந்தார்கள்.

குடியேறிகளின் பிள்ளைகளை மயாமியிலும் சான் டியாகோவிலும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த அலெஹாந்த்ரோ போர்ட்டஸ், ரூபன் ரும்பாவ் இருவரும் ஓர் ஆபத்தைச் சுட்டினார்கள்: பிள்ளை புது மொழியை வேகமாகப் பிடித்து, பெற்றோர் பின்தங்கினால், வீட்டில் அதிகாரம் தலைகீழாகும். தோட்டத்தில் இது சற்று வேறு விதமாக நடந்தது. பேச்சு மலாய் அப்பாவுக்கும் தெரியும், சில சமயம் மகனைவிட நன்றாகவே. தெரியாதது எழுத்து. பதிவிலாகாவின் பாரம், மருத்துவமனைச் சீட்டு, நிர்வாகத்தின் கடிதம், எல்லாவற்றையும் படித்துச் சொல்வது பள்ளிக்கூடப் பிள்ளை. தோட்டம் விற்கப்பட்டது, வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற அறிவிப்பையும் பல வீடுகளில் படித்துச் சொன்னது ஒரு பிள்ளைதான். பன்னிரண்டு வயதில் தன் குடும்பத்துக்கு வீடில்லை என்பதை மொழிபெயர்க்க நேர்ந்த பிள்ளையின் மனத்தை எந்த அளவுகோல் பிடிக்கும்?

குடியுரிமையற்றோரின் சிவப்பு அடையாள அட்டையையும் இங்கே சொல்ல வேண்டும். இந்த மண்ணில் பிறந்தும் காகிதமில்லாத காரணத்தால் குடியுரிமை பெறாத தோட்டத் தமிழர்கள் உண்டு. 1968ஆம் ஆண்டு வேலை அனுமதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது குடியுரிமையற்ற பல்லாயிரம் பேர் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குப் போனார்கள். இருந்தவர்களில் சிலருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிச் சேர்க்கைக்கே அலைந்தார்கள். அந்த வீடுகளில் அம்மா கதை சொன்னாரா, புத்தகம் வாங்கினாரா என்று கேட்பதற்கு முன், பிள்ளைக்குக் காகிதம் இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும்.

பிறகு தோட்டங்களே போயின. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். வந்த ஆட்களும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தார்கள். 1998இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்தது; அதை ஒட்டி நீலாயும் லாபுவும் நகரத் திட்டங்களுக்குள் வந்தன. சிரம்பானின் விளிம்பில் இருந்த தோட்டம் சிரம்பான் 2 என்ற நகரமானது. 1970இல் மலேசிய இந்தியர்களில் மூன்றில் ஒருவர்தான் நகரத்தில் இருந்தார். 2000இல் பத்தில் எட்டுப் பேர். முப்பது ஆண்டில் நடந்த இந்த இடப்பெயர்ச்சியை வளர்ச்சி என்று ஒரே சொல்லில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. கழிப்பறையும் இருபத்து நான்கு மணி நேர மின்சாரமும் உள்ள அடுக்குமாடி வீடு லயத்தைவிட நல்ல வீடுதான். ஹோம் அளவுகோலில் மதிப்பெண் நிச்சயம் கூடும். ஆனால் அம்மா இப்போது செனாவாங் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலைக்குப் போகிறார், அப்பா லாரி ஓட்டுகிறார் அல்லது இரவுக் காவலுக்குப் போகிறார். ஆயா கொட்டகை இல்லை. அத்தையும் தாத்தாவும் வேறு வேறு தாமான் குடியிருப்புகளில். நான்காம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பிள்ளைகள் கைப்பேசியோடு இருக்கிறார்கள். விடிகாலை தோட்டத்திடமிருந்து தொழிற்சாலைக்குக் கைமாறியது. அந்த நேரத்தில் பிள்ளையைத் தாங்கிப் பிடித்தவர்கள் உடன் வரவில்லை. எண்பதுகளிலிருந்து இளைஞர் கும்பல்கள் பெருகியதைத் தமிழர் பண்பாட்டின் வீழ்ச்சி என்று மேடையில் புலம்புகிறவர்கள், இந்தக் கணக்கில் கழிந்துபோனவர்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

பண்பாட்டேற்பு இப்போது வேகமாக நடக்கிறது, வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. 1996இல் ஆஸ்ட்ரோ வானவில் வந்தபின் தமிழ்நாட்டுத் தொடர்கள் வீட்டு மாலையை எடுத்துக்கொண்டன. 2007இல் வந்த ‘உப்பின் இப்பின்’ மலாய்க் கேலிச்சித்திரத்தைப் பார்த்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பாலர் பள்ளிக்கு வரும் முன்பே நல்ல மலாய் பேசுகிறார்கள். பெற்றோரில் பலர் பிள்ளையோடு ஆங்கிலம் கலந்து பேச விரும்புகிறார்கள். இதில் பெர்ரி சொன்ன முதல் போக்கு, இரண்டையும் வைத்துக்கொள்வது, பல வீடுகளில் இயல்பாகவே நடக்கிறது. எனக்குக் கவலை தருவது கலப்பு அல்ல. எந்த மொழியிலும் நீளமாகப் பேச நேரமில்லாத வீடு.

அரிசோனாவின் டூசான் நகரில் லூயிஸ் மோலும் நண்பர்களும் 1990களில் ஆசிரியர்களை மெக்சிகோ வழிக் குடும்பங்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். குறை காண அல்ல, அந்த வீட்டுக்கு என்ன தெரியும் என்று கற்றுக்கொள்ள. மண், மருந்துச் செடி, கட்டட வேலை, எல்லைதாண்டிய வணிகம் என்று வீட்டில் இருந்த அறிவைப் பாடமாக்கினார்கள். தோட்டத்து வீடுகளுக்கு அப்படி யாராவது போயிருந்தால் என்ன கண்டிருப்பார்கள்? பட்டையைச் சீவும்போது உள்ளிருக்கும் வளர்படலத்தில் கத்தி படாமல் ஒரு நூலிழை விட்டு நிறுத்தும் கைத்திறன். எந்த மரம் ஓய்வு கேட்கிறது என்ற கணிப்பு. பாலில் எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு நீர் என்று மெட்ரோலாக் காட்டுவதை வைத்துத் தன் கூலியை ஸ்டோர் கிராணிக்கு முன்பே மனத்தில் போட்டுவிடும் கணக்கு. பெண்கள் நடத்திய ‘கூட்டு’ என்ற சீட்டில், ஏலத் தள்ளுபடியையும் மாதத் தவணையையும் காகிதமில்லாமல் நினைவில் வைத்திருந்த திறமை. இந்தக் கூட்டு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது, அதன் பிறகும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு அதுவே கைகொடுத்தது. கணக்கில் மக்கு என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளையின் தாய் இவள்.

செய்யப்பட்டவையும் உண்டு. மு. தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் வார இறுதி வகுப்புகளால் ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோனது. அது வெற்றி பெற்றதற்குப் பாடம் மட்டும் காரணமில்லை; கோயில், பிரார்த்தனை, பெற்றோர் காலில் விழுந்து வணங்குதல் என்று வீட்டுக்குப் பழகிய வழியாகவே படிப்பை வீட்டுக்குள் கொண்டுபோனது. 2008க்குப் பின் தமிழ்ப்பள்ளிகளில் பாலர் வகுப்புகள் கூடின. நெகிரி செம்பிலானில் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்னும் இயங்குகின்றன. சிலவற்றில் பிள்ளைகளின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. இவற்றுக்கெல்லாம் ஆதரவு வேண்டும், அதில் ஐயமில்லை.

ஆனால் அடுத்த முறை சிரம்பானின் அடுக்குமாடிகளிலோ பகாவின் மிச்சமிருக்கும் லயங்களிலோ யாராவது வீட்டுச் சூழல் ஆய்வுக்குப் போனால், வினாத்தாளின் தொடக்கத்தில் சில கேள்விகளைச் சேர்க்க வேண்டுகிறேன். இந்த வீடு யார் பெயரில் இருக்கிறது? வேலை போனால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும்? காலை ஐந்து மணிக்கு வீட்டில் விழித்திருக்கும் பெரியவர் யார்? பள்ளி விட்டபின் மாலை ஆறு வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் யார், அவருக்கு யாராவது சம்பளம் தருகிறார்களா? பாலர் வகுப்பு எத்தனை மணிக்குத் திறக்கிறது, அம்மாவின் தொழிற்சாலைப் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது? பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாளில் யாருடைய கூலி போகிறது? புத்தகங்களை அதற்குப் பிறகு எண்ணலாம்.